காற்றுக்குழாய் இருந்தால் மட்டும் போதுமா?

இலங்கையின் மிக உயரமான புகையிரத நிலையம் பட்டிப்பொல. கடல் மட்டத்திலிருந்து 1,890 மீற்றருக்கும் மேலே அமைந்துள்ளது. இதற்கும் ஓஹியாவுக்கும் இடையிலுள்ள சுரங்கத்தின் ஒரு பக்கம் மழையாகவும் மறுபக்கம் வெயிலாகவும் இருப்பதைப் பயணிகள் பலர் கண்டிருப்பர். தென்மேல், வடகீழ் என இரு பருவப்பெயர்ச்சிகளும் தொடும் இம்மலைகளில், மழை வலுத்தால் ஓடைகள் தோட்டப் பாதைகளின் மேலாகவே பாயும். 2025 நவம்பரில் டித்வா சூறாவளி மலையகத்தைத் தாக்கியபோது வீதிகளும் புகையிரதப் பாதையும் பல இடங்களில் துண்டிக்கப்பட்டன. இத்தகைய நாட்களில் நோயாளியையோ பிரசவ வேதனையிலுள்ள தாயையோ ஆஸ்பத்திரிக்குக் கொண்டு சேர்க்க, தோட்டத்தின் ஜீப்பையோ கெப் வண்டியையோ தான் நாம் நம்பியிருக்கிறோம்.

அவ்வாகனங்கள் சிலவற்றில் முன்கண்ணாடியின் ஓரமாகக் கூரை வரை உயர்ந்த ஒரு கறுப்புக் குழாயைக் காணலாம். 'ஸ்நோர்கல்' எனப்படும் இது, இயந்திரத்துக்குத் தேவையான காற்றை உயரத்திலிருந்து எடுத்துக் கொடுக்கிறது. ஆனால் குழாயின் வாய் எவ்வளவு உயரத்தில் இருந்தாலும், கீழே ஒரு பொருத்து கசிந்தால் நீர் அவ்வழியே புகுந்துவிடும். குழாய் இருக்கிறதென்ற துணிவில் சாரதி ஆழத்தில் இறங்குவதால், கசியும் குழாய் குழாயே இல்லாததிலும் ஆபத்தானது.

சிறிதளவு நீர் என்ன செய்யும்? 2,800 சீசீ கொண்ட நான்கு சிலிண்டர் டீசல் இயந்திரமொன்றை எடுத்துக்கொள்வோம். ஒரு சிலிண்டரின் கொள்ளளவு 700 சீசீ. பிஸ்டன் மேலே வரும்போது காற்று ஏறத்தாழ இருபதில் ஒரு பங்காக, அதாவது 37 சீசீ அளவுக்கு நெருக்கப்படும். காற்று நெருங்கும், நீர் நெருங்காது. அரைக் கோப்பைத் தேநீருக்கும் குறைவான நீர் சிலிண்டருக்குள் சென்றாலே பிஸ்டன் முட்டி நிற்கும். அதைத் தாங்கும் தண்டு வளையும், அல்லது முறியும்.

நாம் பார்க்கவேண்டிய இடங்கள் நான்கு. முதலாவது, மட்கார்ட்டின் ஊடாகக் குழாய் உள்ளே செல்லும் பொருத்து. இரண்டாவது, இறப்பர் ஹோஸ்களும் அவற்றை இறுக்கும் கிளிப்புகளும். மூன்றாவது, எயார் கிளீனர் பெட்டியின் மூடியிலுள்ள இறப்பர் வளையம். நான்காவது, அப்பெட்டியின் அடியில் தூசியும் நீரும் வடிவதற்காக உள்ள சிறிய இறப்பர் வாய். இது காய்ந்து வெடித்திருந்தால் மாற்றவேண்டும். பெட்டியைத் திறந்து பாருங்கள். பில்டருக்கு அப்பால், இயந்திரத்தின் பக்கம் செம்மண் தூசி படிந்திருந்தால் அங்கே கசிவுண்டு. தூசி புகும் வழியில் நீரும் புகும். ஆனால் குழாயின் தலைப்பகுதியிலுள்ள சிறு துவாரங்களை அடைத்துவிடக் கூடாது. அவை மழைநீர் வெளியேறுவதற்கானவை.

அடுத்து ஒரு சோதனை. வாகனத்தைச் சமதரையில் நிறுத்தி, கைபிரேக் போட்டு, இயந்திரத்தை மெதுவாக ஓடவிடுங்கள். குழாயின் தலையைக் கழற்றி, பழைய டியூப் துண்டு ஒட்டிய தட்டையான பலகையால் அதன் வாயை மூடுங்கள். இணைப்புகள் சரியாக இருந்தால் சில வினாடிகளில் இயந்திரம் திணறி நின்றுவிடும். தொடர்ந்து ஓடினால் எங்கோ காற்று புகுகிறது. 'உஸ்' என்ற ஓசை அந்த இடத்தைக் காட்டிக் கொடுக்கும். துணியால் மூடவேண்டாம், அது உள்ளே இழுபடக்கூடும். வெறுங்கையும் வேண்டாம். ஹோஸ் ஒட்டுவதைக் கண்டால் உடனே பலகையை எடுத்துவிடுங்கள். சோதனையின்போது எக்ஸிலேட்டரை மிதிக்கக் கூடாது.

சோதனையில் தேறிய வாகனம் படகாகிவிடாது. பழைய லேண்ட் ரோவர் டிபென்டருக்கே அதன் தயாரிப்பாளர் கூறிய நீர் ஆழம் 500 மில்லிமீற்றர்தான். மலையோடையில் ஆழத்தைவிட வேகமே கொடியது: ஓரடி ஓடுநீர் சிறிய காரை மிதக்கச் செய்யும், இரண்டடி நீர் ஜீப்பையும் அடித்துச் செல்லக்கூடும். அடித்தளம் தெரியாத, சீறிப் பாயும் நீரில் இறங்காமல் திரும்புவதே சாரதியின் திறமை.

நீருக்குள் இயந்திரம் நின்றுவிட்டால் மீண்டும் ஸ்டார்ட் செய்யவே வேண்டாம். பெரும் சேதம் பலவேளை அந்த இரண்டாவது முயற்சியிலேயே நேர்கிறது. வாகனத்தை இழுத்து வெளியேற்றி, முதலில் பில்டரைப் பாருங்கள். அது நனைந்திருந்தால் மெக்கானிக் வந்து சிலிண்டர்களிலுள்ள நீரை அகற்றும்வரை சாவியைத் தொடக்கூடாது.

சித்திரையில் ஒருமுறை, புரட்டாதியில் ஒருமுறை என மழைக்கு முன்னர் இச்சோதனையைச் செய்துகொள்வது நல்லது. அரைமணி நேரமும் ஒரு பலகைத் துண்டுமே செலவு. தோட்ட நலன்புரிச் சங்கங்களும் சாரதிகளும் இதைச் சேர்ந்தே செய்யலாம். நள்ளிரவில் லயத்து வாசலில் வாகனத்துக்காகக் காத்திருப்பவர்களுக்கு அது வந்து சேரவும் வேண்டும், அவர்களை ஏற்றிக்கொண்டு போய்ச் சேரவும் வேண்டும்.