மழைக்கு முன் வாரம் ஒரு சாமான்

ஐப்பசி, கார்த்திகையில் அடைமழை பிடித்துக்கொண்டால் எழுமலை வட்டாரத்தில் காட்டு வேலை நிற்கும். வேலை நின்றால் கூலி இல்லை. கூலி இல்லையென்றால் நம் கடை நோட்டில் பற்று ஏறும். அதை வசூலிக்கப் படும் பாடு சில்லறை வியாபாரிகள் அனைவரும் அறிந்ததே.

மொத்த வியாபாரத்தில் நாங்கள் கண்ட வழி ஒன்று உண்டு. ஆவணி பிறந்ததுமே, வாரச் சாமானோடு ஒரே ஒரு பொருளைக் கூடுதலாக வாங்கும்படி வாடிக்கையாளரிடம் சொல்லுங்கள்.

முதல் வாரம் உப்பு. மழை இறங்கினால் தூத்துக்குடி உப்பளங்களில் உற்பத்தி நின்று விலை ஏறும். அடுத்து புளி. பிறகு மிளகாய் வற்றல். புரட்டாசி வெயிலில் காயவைத்து டப்பாவில் அடைத்துவிட வேண்டும். ஈரக்காற்று பட்டால் பூசணம் பிடிக்கும். பின்னர் சோப்பு, தீப்பெட்டி, மெழுகுவர்த்தி.

ரேஷனில் அரிசி விலையின்றியும், துவரம்பருப்பும் பாமாயிலும் மானிய விலையிலும் கிடைக்கின்றன. அது போகத் தேவையானதை மட்டும் எடுக்கச் சொல்லுங்கள். பருப்பில் வண்டு விழும், எண்ணெய் காறும். இவற்றைத் தலையில் கட்டாதீர்கள்.

ஒரு எச்சரிக்கை. சீட்டு என்று பணம் வாங்கி வைக்காதீர்கள். தீபாவளிச் சீட்டுப் பணத்தைச் சரக்கில் முடக்கிவிட்டு, கொடுக்கவேண்டிய நாளில் தலைகுனிந்து நின்ற கடைக்காரரை நாங்கள் பார்த்திருக்கிறோம். முறைப்படுத்தப்படாத வைப்புத் திட்டங்களை 2019ஆம் ஆண்டின் மத்திய சட்டமும் தடை செய்கிறது. காசுக்கு அன்றே சரக்கைக் கொடுத்துவிடுங்கள்.

மழையில் கடன் கொடுப்பதைவிட, வெயிலில் ரொக்கத்துக்கு விற்பது இருவருக்கும் நல்லது.