வாட்ஸ் கணக்கு தெரிந்தால் வயர் கருகாது!

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்குகிறவர்கள் ராம் எவ்வளவு, ஹார்ட் டிஸ்க் எவ்வளவு என்று கேட்பார்கள். "எத்தனை ஆம்ப்ஸ் இழுக்கும்?" என்று கேட்பவர் அபூர்வம். இன்ஜினியரிங் படித்த நானே கேட்டதில்லை.

சென்ற மாதம் ஊரிலிருந்து அம்மா போன் செய்தார். "கம்ப்யூட்டர் பக்கத்துல கருகின வாசனை வருதுடா."

"மெயின் சுவிட்சை ஆஃப் பண்ணிடும்மா. எதையும் தொடாதே" என்றேன்.

சனிக்கிழமை ஊருக்குப் போய்ப் பார்த்தேன். எக்ஸ்டென்ஷன் போர்டில் ஒரு சாக்கெட் கறுத்து உருகியிருந்தது. கம்ப்யூட்டரோடு எலெக்ட்ரிக் கெட்டிலையும் அதிலேயே சொருகியிருந்தார்கள். மலிவாகக் கிடைத்ததென்று அந்த போர்டை வாங்கிக் கொடுத்தவன் நான்தான்!

மூன்றே ஃபார்முலா

ஜெர்மனியைச் சேர்ந்த ஜார்ஜ் சைமன் ஓம் 1827-ல் வெளியிட்ட விதிதான் இதற்கு அடிப்படை.

வோல்ட் ÷ ஆம்ப்ஸ் = ஓம் (ரெசிஸ்டன்ஸ்)
வோல்ட் × ஆம்ப்ஸ் = வாட்ஸ் (பவர்)
ஆம்ப்ஸ் × ஆம்ப்ஸ் × ஓம் = வயரில் வெப்பமாகும் வாட்ஸ்

கால்குலேட்டரை எடுங்கள். நம் வீட்டு மின்சாரம் 230 வோல்ட். கெட்டிலின் அடியில் 1500 வாட்ஸ் என்று அச்சிட்டிருந்தது. 1500-ஐ 230-ஆல் வகுத்தால் சுமார் 6.5 ஆம்ப்ஸ். அதன் ரெசிஸ்டன்ஸ் 230 ÷ 6.5, அதாவது சுமார் 35 ஓம்.

கம்ப்யூட்டரும் மானிட்டரும் சேர்ந்து 200 வாட்ஸ் என்று வைத்துக்கொள்வோம். அது சுமார் 0.9 ஆம்ப்ஸ். மொத்தம் 7.4 ஆம்ப்ஸ். போர்டில் எழுதியிருந்ததோ 6 ஆம்ப்ஸ்!

சரி, எம்.சி.பி. ஏன் விழவில்லை? எங்கள் வீட்டு எம்.சி.பி. 16 ஆம்ப்ஸ். 7.4 அதற்கு ஒரு பொருட்டே இல்லை. சுவருக்குள் போகும் வயரைக் காப்பதுதான் அதன் வேலை. நீங்கள் வாங்கி மாட்டும் போர்டின் அளவு அதற்குத் தெரியாது.

ஒளிந்திருக்கும் அடுப்பு

சாக்கெட் லூசாகிவிட்டால் அந்த இடத்தில் ரெசிஸ்டன்ஸ் கூடும். அரை ஓம் என்று வைத்துக்கொண்டாலும், 7.4 × 7.4 × 0.5 = சுமார் 27 வாட்ஸ். ஈயத்தை உருக்கும் சால்டரிங் அயர்ன் 25 வாட்ஸில் கிடைக்கிறது. அப்படி ஒன்றை பிளாஸ்டிக்குக்குள் மறைத்து வைத்தது போலத்தான் இது. மின்சாரம் இரண்டு மடங்கானால் வெப்பம் நான்கு மடங்காகும் என்பதையும் கவனியுங்கள்.

நீங்கள் செய்ய வேண்டியவை

* எக்ஸ்டென்ஷன் போர்டில் கம்ப்யூட்டர், மானிட்டர், மோடம் மட்டும் இருக்கட்டும். அயர்ன் பாக்ஸ், கெட்டில், ஹீட்டர் வேண்டாம்.
* லேப்டாப் அடாப்டரின் லேபிளைப் பாருங்கள். அவுட்புட் 19 வோல்ட், 3.42 ஆம்ப்ஸ் என்றிருந்தால் 65 வாட்ஸ். பயமில்லை.
* கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு பிளக்கைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் போர்டை மாற்றுங்கள்.
* மல்டிமீட்டரில் ஓம் அளக்கும்போது பிளக்கைக் கழற்றியிருக்க வேண்டும்.

எங்கள் வீட்டுக் கெட்டில் இப்போது சமையலறையில், 16 ஆம்ப்ஸ் சாக்கெட்டில் இருக்கிறது. உங்கள் மேஜைக்கு அடியில் என்ன இருக்கிறது? இன்றே ஒருமுறை குனிந்து பாருங்களேன்.