கூதிர்காலத்தில் வீட்டுத் தோட்டம்: உடும்பஞ்சோலை மலைப் பகுதியில் செய்யத்தக்க பணிகள்

இடுக்கி மாவட்டத்தின் உடும்பஞ்சோலை வட்டம் ஏலக்காய்க்குப் பெயர் பெற்றது. பாம்பாடும்பாறையிலும் மயிலாடும்பாறையிலும் இப்பயிருக்கென ஆராய்ச்சி நிலையங்கள் இயங்குகின்றன. ஆனால் வாசனைப் பொருளை உலகச் சந்தைக்கு அனுப்பும் இம்மலையின் குடும்பங்கள், அன்றாடச் சமையலுக்கான காய்கறிகளில் பெரும் பகுதியை வெளியிலிருந்தே பெறுகின்றன. தேனி மாவட்டச் சமவெளியிலிருந்து போடிமெட்டு, கம்பம்மெட்டு வழியாக அவை மலையேறி வருகின்றன. 2020ஆம் ஆண்டில் தொற்று நோய்க் கட்டுப்பாடுகளால் எல்லைச் சாவடிகளில் போக்குவரத்து தடைபட்டபோது, இந்தச் சார்பு எவ்வளவு ஆழமானது என்பது தெளிவாயிற்று. வீட்டுத் தோட்டம் பொழுதுபோக்கு அன்று. குடும்பத்தின் உணவுப் பாதுகாப்பில் ஓர் அங்கம் என்பதை அந்நாட்கள் உணர்த்தின.

பருவத்தின் இயல்பு

பண்டைத் தமிழர் ஐப்பசி, கார்த்திகை ஆகிய இரு மாதங்களையும் கூதிர்காலம் என வகுத்தனர். ஜூன் முதல் செப்டம்பர் வரை பெய்த தென்மேற்குப் பருவமழை ஓய்ந்து, மலையாள மக்கள் துலாவர்ஷம் என்றழைக்கும் பின்மழை பெய்யும் காலம் இது. இதன் பின்னர் ஜனவரி முதல் கோடை மழை வரும் வரையில் வறட்சியே நிலவும். ஆகவே மண்ணில் ஈரம் எஞ்சியிருக்கும் இவ்விரு மாதங்களில் செய்யப்படும் பணியே அடுத்த ஐந்து மாத விளைச்சலைத் தீர்மானிக்கிறது.

மண்ணும் நாற்றங்காலும்

கனமழை, மண்ணிலுள்ள சுண்ணாம்புச் சத்தைக் கரைத்துச் சென்றுவிடுவதால் மலை மண் புளிப்புத் தன்மை அடைகிறது. எனவே முதற்பணி, பாத்திகளைக் கொத்திச் சுண்ணாம்பு இடுவதாகும். இரு வாரம் கழித்தே மக்கிய தொழு உரம் இட்டு நடவு செய்தல் வேண்டும். முட்டைக்கோசு, காலிபிளவர் நாற்றுகளை மேட்டுப்பாத்தியில் வளர்த்து, 25 முதல் 30 நாட்களில், மாலை நேரத்தில் பிடுங்கி நடலாம். முள்ளங்கி, பீன்ஸ், கொத்தமல்லி ஆகியவற்றை நேரடியாக விதைக்கலாம்.

ஈரமும் புளிப்பும் மிகுந்த நிலத்தில் தக்காளி, கத்தரிச் செடிகள் பச்சையாகவே திடீரென வாடி மடிவதுண்டு. இந்தப் பாக்டீரியா வாடல் நோய்க்கு மருந்தைவிட இரகத் தேர்வே சிறந்த காப்பாகும். கேரள வேளாண் பல்கலைக்கழகம் உருவாக்கிய சக்தி, முக்தி, அனகா ஆகிய தக்காளி இரகங்கள் இந்நோயைத் தாங்கக் கூடியவை. வாடிய செடியை வேருடன் அகற்றுவதும், அதே பாத்தியில் மீண்டும் தக்காளி, கத்தரி, மிளகாய் ஆகியவற்றை நடாதிருப்பதும் அவசியம்.

பூசண நோய்களுக்கு ஒரு சதவீத போர்டோக் கலவை ஏற்றது. 10 கிராம் மயில்துத்தத்தை அரை லிட்டர் நீரிலும், 10 கிராம் சுண்ணாம்பை மற்றோர் அரை லிட்டர் நீரிலும் தனித்தனியே கரைத்து, துத்தக் கரைசலைச் சுண்ணாம்புக் கரைசலில் ஊற்றிக் கலக்க வேண்டும். மண் அல்லது பிளாஸ்டிக் பாத்திரமே உகந்தது. கலவையில் நனைத்த இரும்புக் கத்தியில் செம்புப் படிவு தோன்றினால், மேலும் சிறிது சுண்ணாம்பு சேர்த்தல் வேண்டும்.

கிழங்குகளும் மலர்களும்

கும்ப மாதத்தில் நட்ட சேனை, தழை மஞ்சளாகிச் சாயும் இப்பருவத்தில் தோண்டத்தக்கது. விதைக்கான கிழங்குகளைக் காயமின்றி எடுத்து, நிழலான உலர்ந்த இடத்தில் அடுத்த கும்பம் வரை காத்தல் வேண்டும். பகற்பொழுது குறையும்போது பூக்கும் இயல்புடைய சாமந்தியை, மலர்ச்சி முடிந்ததும் ஒரு சாண் உயரத்திற்கு வெட்டிவிட்டால், அடியிலிருந்து எழும் பக்கக் கன்றுகள் அடுத்த நடவுக்கு உதவும். டேலியாவின் கிழங்குகளை உலர்ந்த மணலில் சேமிக்கலாம்.

காற்றும் நஞ்சும்

இராமக்கல்மேட்டில் காற்றாலைகளைச் சுழற்றும் காற்று, மண்ணின் ஈரத்தையும் விரைவில் உறிஞ்சிவிடும். காய்ந்த இலைகளால் மூடாக்கு இடுவதும், காற்று வரும் திசையில் உயிர்வேலி அமைப்பதும் இதற்குத் தீர்வாகும். ஏலத்தோட்டங்களில் தெளிக்கப்படும் பூச்சிமருந்து கீரைப் பாத்தியில் படிவதை இவ்வேலி ஓரளவு தடுக்கும். மருந்து வந்த கலன்களைக் கழுவித் தோட்டத்துக்கு நீர் ஊற்றப் பயன்படுத்துவது எக்காரணத்தாலும் கூடாது.

கணக்கும் கடமையும்

நாளொன்றுக்கு ஒருவருக்குக் காய்கறியும் பழமும் சேர்த்து 400 கிராம் தேவை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. நால்வர் கொண்ட குடும்பத்துக்கு ஐந்து மாதத்தில் இது 240 கிலோவாகும். ஏறத்தாழ 40 சதுர மீட்டர் பரப்புள்ள ஒரு சென்டு நிலம் இத்தேவை முழுவதையும் நிறைவு செய்யும் என எதிர்பார்ப்பது சரியன்று. நான்கில் ஒரு பங்கை ஈட்டினாலும் 60 கிலோ காய்கறி கடைக்குச் செல்லாமலேயே கிடைத்துவிடும்.

இதில் ஓர் இடர்ப்பாடு உண்டு. இம்மாதங்கள் ஏலக்காய் பறிப்புக் காலமுமாகும். தோட்ட வேலைக்குச் செல்லும் பெண்களிடமே வீட்டுப் பாத்தியையும் ஒப்படைத்தால், அது அவர்களுக்கு மற்றொரு சுமையாகவே முடியும். லயங்களில் வாழ்வோருக்குச் சொந்த நிலமும் இல்லை. ஆகவே நாற்றுகளையும் விதைகளையும் வழங்கும் கிருஷி பவன்கள் அவற்றை ஐப்பசி பிறக்குமுன்னரே சேர்ப்பித்தலும், தோட்ட நிர்வாகங்கள் லயங்களை ஒட்டிச் சிறு துண்டு நிலமேனும் ஒதுக்குதலும், வீட்டிலுள்ள ஆண்கள் இப்பணியைப் பகிர்ந்துகொள்ளுதலும் இன்றியமையாதவை. பின்மழையின் ஈரம் யாருக்காகவும் காத்திராது. காலந்தாழ்த்தி வரும் நாற்று வறட்சியின் வாயிலேயே விழும்.