"காரை ஓட்டாதீர்கள்!" - 785 கார்களுக்குப் புது என்ஜின் கொடுத்த கம்பெனி

ஆசை ஆசையாய் ஒரு புதுக் கார் வாங்குகிறோம். சில மாதங்கள்கூட ஆகவில்லை. அதற்குள், "காரை ஓட்டாதீர்கள்! அப்படியே நிறுத்தி வையுங்கள்!" என்று, விற்ற கம்பெனியே சொன்னால் எப்படி இருக்கும்?

2014-ம் ஆண்டு பிப்ரவரி மாதம் இப்படி நடந்தது. சொன்னது, ஜெர்மனி நாட்டில் ஸ்டுட்கார்ட் நகரில் உள்ள போர்ஷே கம்பெனி. காரின் பெயர், "911 ஜி.டி.3."

பறக்கும் கார்

இது சாதாரணக் கார் அல்ல. பந்தயக் காருக்குத் தம்பி என்று சொல்லலாம். 475 குதிரைச் சக்தி கொண்டது. மணிக்கு 315 கிலோ மீட்டர் வேகத்தில் போகும். நின்ற இடத்தில் இருந்து புறப்பட்டு, மூன்றரை வினாடியில் 100 கிலோ மீட்டர் வேகத்தை எட்டிவிடும்!

என்ஜின், காரின் பின்புறத்தில் இருக்கிறது. அது நிமிடத்துக்கு 9 ஆயிரம் தடவை வரை சுற்றும். "ஒன்று" என்று நாம் எண்ணி முடிப்பதற்குள் 150 சுற்று!

இரண்டு கார்களில் தீ

ஐரோப்பாவில் இந்த ரகக் கார்கள் இரண்டில், என்ஜின் தீப்பிடித்துக்கொண்டது. நல்ல வேளை! யாருக்கும் காயம் இல்லை.

உலகம் முழுவதும் இந்தக் கார்கள் 785 இருந்தன. மீதிக் கார்களிலும் தீப்பிடித்தால்? ஆகவே, அத்தனை பேரையும் காரை நிறுத்தச் சொன்னது கம்பெனி. "நீங்கள் ஓட்டி வர வேண்டாம். நாங்களே வந்து எடுத்துப் போகிறோம்" என்றும் சொன்னது.

காரணம், ஒரு திருகு!

அடுத்த மாதமே காரணம் தெரிந்துவிட்டது.

தையல் மிஷினைப் பார்த்திருப்பீர்கள். மிதிபலகையை மிதித்தால், அதோடு சேர்ந்த கம்பி பெரிய சக்கரத்தைச் சுற்றுகிறது. கார் என்ஜினிலும் அப்படித்தான். உள்ளே பிஸ்டன் முன்னும் பின்னும் ஓடுகிறது. "கனெக்டிங் ராடு" என்ற தண்டு, அந்த ஓட்டத்தைச் சுழற்சியாக மாற்றுகிறது.

அந்தத் தண்டை இறுக்கிப் பிடிக்கும் திருகு தளர்ந்துவிட்டது! கழன்ற தண்டு என்ஜின் கூட்டைச் சேதப்படுத்தியது. உள்ளே இருந்த எண்ணெய் வெளியே கசிந்தது. சூடான பாகங்களுக்கு நடுவே எண்ணெய் கசிந்தால் கேட்க வேண்டுமா? தீ பற்றிக்கொண்டது.

எரிந்தவை இரண்டே கார்கள். ஆனால், 785 கார்களுக்கும் புது என்ஜின் போடுவது என்று கம்பெனி முடிவு செய்தது. புது என்ஜின்களில், திருகு இணைப்பும் திருத்தி அமைக்கப்பட்டது.

பத்து ஆண்டு பொறுப்பு

கதை அதோடு முடியவில்லை. இந்த ரக என்ஜின்களில், வால்வுகளை அசைக்கும் சிறு பாகங்கள் சீக்கிரம் தேய்வதாகப் புகார் வந்தது. 2017-ம் ஆண்டு, அமெரிக்காவில் என்ஜினுக்கான வாரண்டியை 10 ஆண்டு அல்லது 1 லட்சத்து 20 ஆயிரம் மைல் என்று கம்பெனி நீட்டியது.

வாரண்டி என்றால் என்ன? "இத்தனை காலத்துக்குள், இத்தனை தூரத்துக்குள், எங்கள் தயாரிப்புக் குறையால் பழுது வந்தால் நாங்களே சரிசெய்து தருகிறோம்" என்று கம்பெனி எழுதிக் கொடுக்கும் வாக்கு. இரண்டில் எது முதலில் முடிகிறதோ, அதோடு வாரண்டியும் முடியும்.

நாம் செய்ய வேண்டியது

விலை உயர்ந்த காரோ, சின்னக் காரோ, இந்த விதிகள் எல்லாருக்கும் உதவும்:

எண்ணெய் விளக்கு எரிந்தாலும், என்ஜினில் "டக் டக்" என்று சத்தம் கேட்டாலும், ஓரமாக நிறுத்தி என்ஜினை அணைத்துவிடுங்கள். "வீடுவரை போய்விடலாம்" என்று ஓட்டினால் சேதம் பெருகும்.

வாரண்டி இருக்கும்போது, தெரிந்த மெக்கானிக் என்று யாரிடமும் என்ஜினைப் பிரிக்கக் கொடுக்காதீர்கள். கம்பெனி கைகழுவிவிட அதுவே காரணம் ஆகலாம்.

சர்வீஸ் செய்த ரசீதுகளையும், எண்ணெய் மாற்றிய ரசீதுகளையும் பத்திரமாக வையுங்கள். பழுதை வாயால் மட்டும் சொல்லாமல், தேதி போட்டு எழுதிக் கொடுங்கள். ஒரு நகல் உங்களிடம் இருக்கட்டும்.

புது என்ஜின் போட்டுக் கொடுத்தால், அதன் நம்பரைப் பதிவுப் புத்தகத்தில் மாற்ற மறக்காதீர்கள்!