நாலு ஓமும் ஏழரை ஆம்பியரும்

உத்திரமேரூரிலிருந்து காஞ்சிபுரம் போகும் சாலையில் இருக்கும் திருப்புலிவனத்தைப் பலரும் வியாக்ரபுரீஸ்வரர் கோயிலால் அறிவார்கள். அங்கிருந்து ஒரு விவசாயி எழுதிய கடிதத்தில் இருப்பது முழுக்கக் கணக்கு. அவருடைய கிணற்று மோட்டார் 5 எச்.பி. காயிலின் இரு முனைகளில் மல்டிமீட்டரை வைத்தால் 4 ஓம் காட்டுகிறதாம். 415 வோல்ட்டை 4-ஆல் வகுத்தால் 100 ஆம்பியருக்கு மேல் வர வேண்டும். டாங் டெஸ்டரை ஒயரில் மாட்டிப் பார்த்தால் 7.5 தான். சரி, 415-ஐ 7.5-ஆல் பெருக்கினால் 3,112 வாட். 5 எச்.பி. என்பதோ 3,730 வாட். "வாங்குவதைவிட அதிகமாக உழைக்கும் மோட்டார் என்னுடையது மட்டும்தானா?" என்று கேட்டிருக்கிறார்.

இரண்டாவது கேள்வியை முதலில் முடித்துவிடலாம். இது மும்முனை மின்சாரம். வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கினால் போதாது, 1.732-ஆலும், பவர் ஃபேக்டராலும் பெருக்க வேண்டும். அது 0.85 என்றால் உள்ளே போவது சுமார் 4,580 வாட். தண்டில் வருவது 3,730. மீதி சூடாகவும் உராய்வாகவும் போகிறது. ஆக, மோட்டார் நம்மைப் போலத்தான். வாங்குவதில் கொஞ்சம் வீணாக்குகிறது.

முதல் கேள்விதான் எனக்குப் பிடித்தது. வோல்ட்டை ஓமால் வகுத்தால் ஆம்பியர் என்ற விதியைத் தந்த ஜார்ஜ் சைமன் ஓம் ஜெர்மனியில் பள்ளி ஆசிரியராக இருந்தவர். அவர் காலத்து பேட்டரிகளில் அழுத்தம் ஒரு நிலையில் நிற்காது. அதனால் இரண்டு உலோகங்களை இணைத்து, ஒரு முனையைக் கொதிக்கும் நீரிலும் மறு முனையைப் பனிக்கட்டியிலும் வைத்து, அந்த வெப்ப வேறுபாட்டில் பிறந்த சீரான மின்சாரத்தைக் கொண்டுதான் அளந்தார். 1827-இல் புத்தகமாக வெளியிட்டார். அவர் அளந்தது ஒரே திசையில் ஓடும் மின்சாரம், வெறும் கம்பி. பக்கெட்டில் போடும் ஹீட்டருக்கு அந்தக் கணக்கு இன்றும் பிசகாது: 230 வோல்ட், 6.5 ஆம்பியர் என்றால் 35 ஓம், 1,500 வாட்.

மோட்டார் காயில் வெறும் கம்பியல்ல. அதில் ஓடும் மாறுமின்சாரம் ஒரு காந்தப்புலத்தைச் சுழற்றுகிறது. அந்தப் புலமே காயிலுக்குள் எதிர்த்திசையில் ஒரு வோல்ட்டேஜை உண்டாக்கிவிடும். கூட்டமான டவுன் பஸ்ஸில் ஏற எத்தனை பேர் முண்டியடித்தாலும், உள்ளிருப்பவர்கள் எதிர்த்துத் தள்ளுவதால் படியேறுவது ஒன்றிரண்டு பேர்தானே, அப்படி. இந்த எதிர்வோல்ட்டேஜைத் தாண்டி மிஞ்சுவதுதான் 7.5 ஆம்பியரை ஓட்டுகிறது. மல்டிமீட்டர் தன் சிறு பேட்டரியால் அளப்பதால் அதற்குக் கம்பி மட்டுமே தெரியும். மோட்டார் நின்றிருக்கும் நிலையில் சுவிட்சைப் போடும் நொடியில் இந்த எதிர்ப்பு வலுவிழந்து கிடக்கும். அப்போது ஏறத்தாழ ஆறு மடங்கு, அதாவது 45 ஆம்பியர்வரை இழுக்கும். வேகம் பிடித்ததும் அடங்கிவிடும். பம்பில் கல் சிக்கிச் சுற்ற முடியாமல் நின்றால் அடங்காது. காயில் கருகும் வாடைதான் வரும்.

வோல்ட்டேஜ் குறைந்தால் நடப்பது இன்னும் விசித்திரம். 230 வோல்ட் 190 ஆனால் ஹீட்டரின் திறன் 1,500 வாட்டிலிருந்து சுமார் 1,025 வாட்டாக இறங்கும். தண்ணீர் மெதுவாகச் சுடும், அவ்வளவுதான். மோட்டாரோ அதே தண்ணீரை அதே உயரத்துக்கு ஏற்றியாக வேண்டும். 415 வோல்ட் 340 ஆனால், ஈடுகட்ட 9 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். காயிலின் சூடு ஆம்பியரின் வர்க்கத்தில் ஏறுவதால், அது ஒன்றரை மடங்கு ஆகிவிடும். காப்புப் பூச்சு தாங்கும் வெப்பத்துக்கு மேல் 10 டிகிரி கூடினால் அதன் ஆயுள் பாதியாகும் என்பது மோட்டார் தொழிலில் பழைய கணக்கு. லோ வோல்ட்டேஜில்தான் மோட்டார் எரிகிறது என்று ரீவைண்டிங் கடைக்காரர் சொல்வது சும்மா அல்ல.

லோ வோல்ட்டேஜுக்கு மின்வாரியத்தை மட்டும் திட்டிப் பயனில்லை. தமிழ்நாட்டில் 1990 முதல் விவசாயத்துக்கு இலவச மின்சாரம். பல இணைப்புகளில் மீட்டரே கிடையாது. காசு கேட்காத பொருளை யார் எண்ணுகிறார்கள்? டிரான்ஸ்ஃபார்மருக்கு நூறு கஜம் தள்ளியிருக்கும் வயலிலும் இருநூறு மீட்டர் மெல்லிய அலுமினிய ஒயரை இழுத்து, வழியிலேயே 30 வோல்ட்டைத் தொலைக்கிறோம். பவர் ஃபேக்டரைத் தூக்கி நிறுத்தும் கெப்பாசிட்டர் எரிந்தால் கழற்றிப் போட்டுவிட்டு மறந்துவிடுகிறோம். எல்லாவற்றையும்விட மோசம் ஆட்டோ சுவிட்ச். மும்முனை வந்த கணமே ஊரிலுள்ள அத்தனை மோட்டாரும் ஒரே நொடியில் ஆறு மடங்கு இழுத்தால் டிரான்ஸ்ஃபார்மர் என்ன செய்யும்? ஆளுக்குச் சில நிமிடம் தள்ளித் தொடங்கும்படி டைமர் வைத்தால், நம் மோட்டாரோடு பக்கத்து வயல்காரர் மோட்டாரும் பிழைக்கும்.

அப்புறம், ஆம்பியர் எல்லை மீறினால் மோட்டாரை நிறுத்தும் ரிலே. அடிக்கடி டிரிப் ஆகிறது என்று ஓவர்லோடு ரிலேயின் முள்ளை மேலே தள்ளி வைப்பது ஊரெங்கும் வழக்கம். காய்ச்சலைப் பார்க்காமல் தெர்மாமீட்டரை உடைக்கும் வேலை அது. திருப்புலிவனத்து அன்பரே, மெயினை அணைத்துவிட்டு, தெரிந்த எலக்ட்ரீஷியனை வைத்து ஸ்டார்ட்டரைத் திறந்து பாருங்கள். நேரடி ஸ்டார்ட்டர் என்றால், முள் நிற்க வேண்டிய இடம் மோட்டாரின் நேம் பிளேட்டில் எழுதியிருக்கும் ஆம்பியர், உங்களுடையதற்கு 7.5.