காற்றின் பிடி பின்னால் இருக்கிறது

எங்கள் ஆய்வகத்துக்கு வரும் இரண்டாம் ஆண்டு மாணவர்களுக்கு முதலில் ஒரு தாளும் பென்சிலும் கொடுப்பேன். தாளின் நடுவே ஒரு வட்டம் இருக்கும். “இது காற்றுக்குக் குறுக்கே நிற்கிற உருளை. இடப்பக்கமிருந்து காற்று வருது. அது எப்படிப் போகும்னு கோடு போட்டுக் காட்டுங்க” என்பேன். ஏறக்குறைய எல்லாத் தாளிலும் ஒரே படம்தான் வரும். கோடுகள் வட்டத்துக்கு முன்னால் பிரியும், மேலும் கீழுமாக வளையும், பின்னால் அழகாகச் சேர்ந்துவிடும்.

பதினெட்டாம் நூற்றாண்டின் கணித மேதைகள் மனத்திலும் இதே படம்தான் இருந்தது. உராய்வே இல்லாத பாய்மம் ஒரு பொருளைச் சுற்றி முன்னும் பின்னும் ஒரே மாதிரி ஓடினால், அந்தப் பொருளுக்கு எவ்வளவு தடை ஏற்படும் என்று பிரான்ஸின் டாலம்பேர் கணக்குப் போட்டார். 1752-இல் அவர் வெளியிட்ட விடை: பூஜ்யம். முன்பக்கம் எவ்வளவு தள்ளுகிறதோ அதே அளவுக்குப் பின்பக்கமும் தள்ளி ஈடுகட்டிவிடும் என்றது கணக்கு. எதிர்காற்றில் சைக்கிள் மிதித்த எவரும் இதை ஒப்புக்கொள்ள மாட்டார்கள். கணக்கில் பிழையில்லை. காற்று போகும் பாதையைப் பற்றிய எண்ணத்தில்தான் பிழை. அந்தப் பாதையைக் கண்ணால் பார்ப்பதற்குத்தான் எங்கள் புகை எந்திரம்.

எந்திரம் என்றால் பெரிதாக நினைக்க வேண்டாம். நீளமான மரப்பெட்டி, ஒரு பக்கம் கண்ணாடி, எதிர்ப்பக்கம் கறுப்புத் துணி. பெட்டியின் கடைசியில் இருக்கும் விசிறி காற்றை உறிஞ்சி இழுக்கும். உள்ளே வரும் காற்று முதலில் தேன்கூட்டுத் தட்டியைத் தாண்டும்; அங்கே அதன் சுழற்சி அடங்கும். அடுத்து நுண்ணிய கம்பி வலைகள். மிச்சமிருக்கும் கலக்கம் அங்கே தணியும். பிறகு பெட்டி குறுகக் குறுகக் காற்று வேகம் பிடித்து ஒழுங்குக்கு வரும். எண்ணெயைச் சூடாக்கி எடுத்த வெண்புகையை வரிசையாகப் பொருத்திய மெல்லிய குழாய்களின் வழியே அந்தக் காற்றில் விடுவோம். மேலிருந்து விளக்கைப் போட்டால் கறுப்புப் பின்னணியில் வெள்ளைக் கோடுகள் இணையிணையாக ஓடும்.

இதில் பொறுமை வேண்டிய விஷயம் வேகம்தான். வினாடிக்கு 2 மீட்டர் அளவில் வைத்தால் கோடுகள் கத்தரித்தாற்போல் நிற்கும். அவசரப்பட்டுக் கூட்டினால் புகை கலைந்து வெறும் மூட்டமாகிவிடும். இன்னும் நுட்பமாகப் பார்க்க வேறொரு வழி உண்டு. 0.1 மில்லிமீட்டர் தடிமனுள்ள நைக்ரோம் கம்பியில் எண்ணெய் தடவுவோம். எண்ணெய் சிறுசிறு துளிகளாகத் திரளும். மின்சாரம் கொடுத்ததும் ஒவ்வொரு துளியிலிருந்தும் ஒரு புகை இழை கிளம்பும். ஓரிரு வினாடிதான் நிற்கும். கேமராவை அதற்குள் அழுத்திவிட வேண்டும்.

இந்தக் கலையின் முன்னோடிகளில் ஒருவர் உடலியல் அறிஞர் என்பது என் மாணவர்களுக்கு எப்போதும் வியப்பு. பறவைகள் பறப்பதையும் மனிதர்கள் நடப்பதையும் நொடிநொடியாகப் படம்பிடித்த எத்தியென்-ஜூல் மாரே, 1899 முதல் சில ஆண்டுகள் பாரிஸில் புகை எந்திரங்களைக் கட்டினார். கடைசியாகக் கட்டியதில் ஐம்பதுக்கும் மேற்பட்ட புகைக் கோடுகள் ஓடின. புகைக் குழாய்களை வினாடிக்குப் பத்து முறை அதிரவிட்டு, கோடுகளில் அலை எழுப்பினார். அலைகளின் இடைவெளியை அளந்தால் அந்தந்த இடத்தில் காற்றின் வேகம் என்ன என்பது தெரிந்துவிடும். படத்தையே அளவுகோலாக்கிய அந்த யோசனையை நினைத்தால் இன்றும் எனக்குச் சிலிர்க்கும்.

உருளையை உள்ளே வைத்ததும் மாணவர்கள் கண்ணாடியோடு ஒட்டிக்கொள்வார்கள். முன்பாதியில் அவர்கள் வரைந்தபடியேதான் நடக்கும். கோடுகள் நெருங்கும், வளையும், உருளையைத் தழுவும். முன்முனையிலிருந்து சுமார் 80 பாகை போனதும் உருளையை விட்டுக் கழன்றுவிடும். பின்னால் சேரவே சேராது. நடுவில் ஒரு குழப்பமான வெளி. அதன் மேல்விளிம்பிலிருந்து ஒரு சுழல், கீழ்விளிம்பிலிருந்து ஒரு சுழல் என்று மாறிமாறிப் புறப்பட்டு வரிசையாகப் போகும்.

“மேடம், பின்னாடி காற்று ஏன் ஒட்ட மாட்டேங்குது?” இந்தக் கேள்வியைக் கேட்கிற பிள்ளைக்குப் பாடத்தின் பாதி வந்துவிட்டது.

விடை சொன்னவர் ஜெர்மனியின் லுட்விக் பிரான்ட்ல். ஹானோவரில் கையால் சுழற்றும் சக்கரம் வைத்த தண்ணீர்த் தொட்டி ஒன்றைக் கட்டி, மின்னும் அபிரகத் துகள்களைத் தூவி ஓட்டத்தைப் பார்த்தார். 1904-இல் ஹைடல்பர்க் நகரில் நடந்த உலகக் கணித மாநாட்டில் தாம் கண்டதைச் சொன்னார். எட்டே பக்கக் கட்டுரை. விமானவியலின் போக்கையே அது மாற்றியது. பொருளின் மேற்பரப்பைத் தொடும் காற்று அதோடு ஒட்டி நின்றுவிடுகிறது என்றார் பிரான்ட்ல். அதை ஒட்டிய மெல்லிய படலத்தில் மட்டும் உராய்வு ஆட்சி செய்கிறது. உருளையின் முன்பாதியில் அழுத்தம் குறைந்துகொண்டே போவதால் படலத்துக்கு இறக்கத்தில் ஓடும் சுகம். பின்பாதியில் அழுத்தம் ஏறுகிறது. உராய்வில் வேகம் இழந்த படலம், மிதிக்காமல் மேட்டில் ஏறும் சைக்கிள்போலப் பாதியில் நின்று பின்னுக்கு உருள்கிறது. அது நின்ற இடத்தில் வெளிக்காற்று பொருளைவிட்டு விலகிவிடுகிறது. பின்னால் அழுத்தம் மீளாமல் தாழ்ந்தே கிடக்கிறது. முன்னால் தள்ளுகிறது, பின்னால் அதை ஈடுகட்ட ஆளில்லை. டாலம்பேரின் பூஜ்யம் உடைந்த இடம் இதுதான்.

பிறகு உருளையை எடுத்துவிட்டு அதே தடிமனுள்ள விமான இறக்கை வடிவத்தை வைப்பேன். முன்பக்கம் உருண்டை, பின்பக்கம் நீண்டு கூராக முடியும் வடிவம். அழுத்தம் மெல்ல மெல்ல ஏறுவதால் கோடுகள் கடைசிவரை ஒட்டிக்கொண்டே போகும். சரியான வேகத்தில் இதன் தடை அந்த உருளையின் தடையில் பத்தில் ஒரு பங்குகூட இராது. மீன்கள் ஏன் வாலை நோக்கிச் சிறுக்கின்றன என்பதை விளக்க எனக்கு வேறு பாடம் தேவைப்பட்டதில்லை. பிறகு இறக்கையின் மூக்கைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூக்குவேன். ஒரு கோணம் வரை காற்று பொறுத்துக்கொள்ளும். அதைத் தாண்டினால் மேற்பரப்பைவிட்டு மொத்தமாகக் கழன்றுவிடும். விமானம் தன்னைத் தூக்கும் விசையை இழப்பது இந்தக் கணத்தில்தான்.

படலத்தின் குணம் மாறினால் பின்பக்கக் கதையும் மாறும். கோபுரம் கட்டிய அதே குஸ்தாவ் ஐஃபெல், 1912-இல் பாரிஸில் தம் காற்றுச் சுரங்கத்தில் கோளங்களின் தடையை அளந்தார். ஜெர்மனியின் கோட்டிங்கனில் பிரான்ட்ல் குழு அளந்ததில் பாதிகூட வரவில்லை. இரண்டு அளவுகளும் சரியே. ஐஃபெலின் அதிக வேகத்தில் படலம் கலங்கிவிட்டது. கலங்கிய படலம் வெளிக்காற்றின் வேகத்தை உள்ளே வாங்கிக்கொண்டு மேட்டில் இன்னும் கொஞ்ச தூரம் ஏறும். 1914-இல் பிரான்ட்ல் ஒரு கோளத்தின் முன்பாதியைச் சுற்றி மெல்லிய கம்பி வளையம் பூட்டி, வேண்டுமென்றே படலத்தைக் கலக்கினார். தடை சட்டென்று இறங்கியது. எடுத்த புகைப் படத்தில் காற்று கழலும் இடம் பின்னுக்குத் தள்ளிப்போயிருந்தது.

அந்தக் கம்பியின் வேலையைக் கிரிக்கெட் பந்தில் தையல் செய்கிறது. பந்தை வீசுபவர் தையலைச் சற்றுச் சாய்த்து விடும்போது, தையல் இருக்கும் பக்கத்தில் படலம் கலங்கி நெடுந்தூரம் ஒட்டிக்கொள்ளும். வழவழப்பான பக்கத்தில் சீக்கிரமே கழன்றுவிடும். பின்னால் ஓடும் காற்று ஒருபக்கம் சாயும். பந்து எதிர்ப்பக்கம் ஒதுங்கும். ஸ்விங் பந்துவீச்சை நெடுங்காலம் ஆராய்ந்த ரபி மேத்தாவின் புகைப் படங்களில் இந்தச் சாய்வைத் தெளிவாகக் காணலாம்.

புகையைப் பார்க்கவும் கற்றுக்கொள்ள வேண்டும். நிலையான ஓட்டத்தில் புகைக்கோடு காற்றின் பாதையேதான். சுழல்கள் கிளம்பியதும் அப்படியில்லை. ஓரிடத்தில் தெரியும் புகைச்சுருள், முன்பு எங்கோ உருவாகி இங்கே வந்து சேர்ந்த பழைய சேதி. சுழல் அடங்கிய பிறகும் சுருள் மிஞ்சியிருக்கும். படத்தை மட்டும் நம்பி முடிவு சொல்லாதீர்கள், அழுத்தத்தையும் அளந்து பாருங்கள் என்று அதனால்தான் வற்புறுத்துகிறேன்.

மாறிமாறிக் கிளம்பும் சுழல் வரிசைக்கு 1911-இல் கணிதம் தந்தவர் பிரான்ட்லிடம் பணியாற்றிய தியோடர் வான் கார்மன். சுழல்களின் எண்ணிக்கைக்கு எளிய கணக்கு உண்டு: காற்றின் வேகத்தை விட்டத்தால் வகுத்து, வந்ததை ஐந்தால் வகுத்தால், ஒரு பக்கத்தில் வினாடிக்கு எத்தனை சுழல் என்பது ஏறக்குறைய கிடைக்கும். 5 மில்லிமீட்டர் கம்பியில் வினாடிக்கு 5 மீட்டர் காற்று பட்டால் 200. மாடியில் கட்டிய கம்பி காற்றில் முனகுவது இதனால்தான். 5 மீட்டர் விட்டமுள்ள புகைபோக்கியில் 10 மீட்டர் வேகக் காற்று பட்டால், இரண்டரை வினாடிக்கு ஒன்று. புகைபோக்கியின் இயல்பான ஆட்டமும் அதே தாளத்தில் அமைந்தால் ஆபத்து. உயர்ந்த இரும்புப் புகைபோக்கிகளின் உச்சியில் சுருளாக ஓடும் பட்டைகளைப் பார்த்திருப்பீர்கள். அவை அழகுக்கு வைத்தவை அல்ல. சுழல்கள் ஒன்றுகூடித் தாளம் போடாமல் கலைத்துவிடுவதற்கு.

இங்கிலாந்தின் ஃபெரிபிரிட்ஜ் மின்நிலையத்தில் 114 மீட்டர் உயரக் குளிர்விப்புக் கோபுரங்கள் எட்டு, இரண்டு வரிசையாக நின்றன. 1965 நவம்பர் 1 அன்று அடித்த காற்றில் மூன்று சரிந்தன. காற்றை நேராக முகத்தில் வாங்கிய முன்வரிசை தப்பியது. விழுந்தவை பின்வரிசைக் கோபுரங்கள். ஒற்றைக் கோபுரத்தின் மாதிரியைச் சோதித்து வடிவமைத்திருந்தார்கள். முன்னால் நிற்பவை காற்றைக் கலக்கிப் பின்னால் நிற்பவற்றின் மீது எறியும் என்பது கணக்கில் வரவில்லை.

இன்று கணினி, காற்றோட்டத்தை வண்ணவண்ணமாக வரைந்து தருகிறது. லேசர் ஒளியில் துகள்களைப் படம்பிடித்து வேகத்தைப் புள்ளி புள்ளியாகக் கணக்கிடவும் முடிகிறது. என் மாணவர்கள் இரண்டையும் கற்கிறார்கள், கற்கவும் வேண்டும். ஆனால் எந்தக் கணினியும் நாம் கேட்ட கேள்விக்குத்தான் விடை தரும். ஒற்றைக் கோபுரத்தை வைத்துக் கேட்டால் ஒற்றைக் கோபுரத்துக்கே விடை. புகையின் முன் நின்று பழகிய கண் வேறு கேள்வி கேட்கும். ஊர்தோறும் உயரமான கட்டடங்கள் ஒன்றையொன்று ஒட்டி எழும்பும் காலம் இது. அவற்றை வடிவமைக்கப்போகும் பிள்ளைகளிடம் நான் எதிர்பார்ப்பது ஒன்றுதான்: காற்றுக்குக் குறுக்கே எதை நிறுத்தினாலும், அது தாங்குமா என்று கேட்டதோடு நின்றுவிடாதீர்கள், அதற்குப் பின்னால் யார், எது நிற்கிறது என்றும் கேளுங்கள்.