கரையில் இருந்தவர்களும் கடலில் இருந்தவர்களும்... குமரி மீனவ ஊர்களின் கிறிஸ்துமஸ்!

டிசம்பர் மாதம் பிறந்துவிட்டால், கன்னியாகுமரி மாவட்டத்தின் மீனவ ஊர்களை இரவில்தான் பார்க்க வேண்டும். ஆரோக்கியபுரத்தில் தொடங்கி கேரள எல்லையிலுள்ள நீரோடி வரை சுமார் 70 கிலோமீட்டர் கடற்கரை. அதில் நாற்பதுக்கும் மேற்பட்ட மீனவ ஊர்கள் வரிசையாக இருக்கின்றன. ஓட்டு வீடு, மாடி வீடு என்ற பேதமில்லாமல் எல்லா வாசலிலும் நட்சத்திரம் தொங்கும். முடுக்குக்கு முடுக்கு சீரியல் பல்புகள் மின்னும். ஊருக்கு நடுவே ஓங்கி நிற்கும் கோயில் கோபுரம் ஒளியில் குளிக்கும். தேவாலயத்தை இங்கே யாரும் 'சர்ச்' என்று சொல்வது குறைவு. அவர்களுக்கு அது 'கோயில்'. திருப்பலி என்பது 'பூசை'.

ஆனால், இந்த ஊர்களில் கிறிஸ்துமஸ் என்பது டிசம்பர் 25 அன்று தொடங்கி அன்றே முடிகிற கொண்டாட்டம் இல்லை. அதற்கு முன்னால் நான்கு வாரக் காத்திருப்பு இருக்கிறது. மறுநாள் ஒரு பெருந்துயரின் நினைவு இருக்கிறது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் இவர்களின் கிறிஸ்துமஸ் புரியும்.

நவம்பரிலேயே தொடங்கும் திருவிழா வாசம்

குமரி மாவட்டக் கத்தோலிக்கர்களுக்குப் பண்டிகைக் காலம் நவம்பர் இறுதியிலேயே தொடங்கிவிடுகிறது. நாகர்கோவில் கோட்டாறு சவேரியார் பேராலயத்தின் திருவிழா பத்து நாள்கள் நடந்து, டிசம்பர் 3 அன்று நிறைவடையும். மாவட்டத்துக்கே அன்று உள்ளூர் விடுமுறை. 1542-ல் இந்தியா வந்து, முத்துக்குளித்துறைக் கடற்கரையில் ஊர் ஊராக நடந்த புனித பிரான்சிஸ் சவேரியார், 1552 டிசம்பர் 3 அன்று சீனாவின் கரையோரத் தீவு ஒன்றில் இறந்தார். சவேரியார் திருநாளுக்குத் துணி எடுத்துவிட்டால், கிறிஸ்துமஸுக்கும் சேர்த்து எடுத்துவிடுகிற குடும்பங்கள் இங்கே நிறைய!

இதே நாள்களில்தான் 'திருவருகைக் காலம்' தொடங்குகிறது. கிறிஸ்துமஸுக்கு முந்தைய நான்கு ஞாயிறுகளை உள்ளடக்கிய காலம் இது. கோயில் பீடத்தின் அருகே பச்சை இலைகளால் ஆன வளையம் ஒன்றை வைத்து, வாரத்துக்கு ஒரு மெழுகுவர்த்தியாக ஏற்றுவார்கள். குருவானவர் ஊதா நிற உடை அணிவார். மூன்றாவது ஞாயிறு மட்டும் இளஞ்சிவப்பு. அது மகிழ்ச்சி ஞாயிறு. 'வானவர் கீதம்' இந்த ஞாயிறுகளில் பாடப்படாது. கிறிஸ்துமஸ் இரவுப் பூசையில் மணிகள் முழங்க அதைப் பாடும்போதுதான் பண்டிகை பிறந்ததாக அர்த்தம்.

இதற்கிடையே பங்கு முழுக்க வேலை பரபரக்கும். முப்பது, நாற்பது வீடுகள் சேர்ந்த குழுக்களுக்கு 'அன்பியம்' என்று பெயர். குடில் போட்டி, பாட்டுப் போட்டி, வசதியில்லாத குடும்பங்களுக்குத் துணியும் அரிசியும் சேர்ப்பது என எல்லாமே அன்பியங்கள் வழியாகத்தான் நடக்கும். மரியாயின் சேனை, வின்சென்ட் தே பவுல் சபை, பாடகர் குழு, பீடச் சிறுவர்கள், மறைக்கல்வி ஆசிரியர்கள் என ஆளாளுக்கு ஒரு பொறுப்பு. இரவானால் கிறிஸ்துமஸ் தாத்தாவோடும் தாளக்கருவிகளோடும் கேரல் குழு வீடு வீடாகக் கிளம்பும்.

குடிலும் முந்திரிக்கொத்தும்

குடில் வைக்கும் வழக்கத்தைப் பரப்பியவர் புனித பிரான்சிஸ் அசிசி. 1223-ல் இத்தாலியின் கிரெச்சியோ என்ற சிற்றூரில் வைக்கோல் பரப்பி, உயிருள்ள மாட்டையும் கழுதையையும் நிறுத்தி, பெத்லகேம் தொழுவத்தை அவர் கண்முன் கொண்டுவந்தார். எண்ணூறு ஆண்டுகள் கழித்தும் குமரிக் கடற்கரையில் அந்தத் தொழுவத்துக்கு மவுசு குறையவில்லை. சில வீடுகளில் பத்து நாள்களுக்கு முன்பே தட்டில் தானியம் விதைத்து முளைக்கவிடுவார்கள். குடிலுக்கு அதுதான் புல்வெளி. தொழுவத்தில் மரியாளும் சூசையப்பரும் இடையர்களும் இருப்பார்கள். நடுவே குழந்தைக்கான இடம் மட்டும் காலியாக இருக்கும். 24-ம் தேதி இரவுதான் அங்கே பாலன் சுரூபம் வரும்.

அடுப்படியில் இன்னொரு பக்கம் முந்திரிக்கொத்து தயாராகும். பெயரில்தான் முந்திரி. உள்ளே இருப்பது வறுத்துப் பொடித்த சிறுபயறும் வெல்லப்பாகும் தேங்காயும்! உருண்டைகளை மாவில் தோய்த்து எண்ணெயில் பொரித்தெடுத்தால், ஒரு வாரத்துக்கு மேலும் கெடாது. கூடவே அச்சு முறுக்கு. பக்கத்து வீடு எந்த மதமாக இருந்தாலும் அங்கே ஒரு தட்டு போயே தீரும்.

கடலுக்குப் போனவர்கள் ஊர் திரும்புவதும் இப்போதுதான். தூத்தூர், வள்ளவிளை, சின்னத்துறை, இரவிபுத்தன்துறை போன்ற மேற்குக் கரை ஊர்களின் மீனவர்கள் ஆழ்கடலில் சுறாவும் சூரையும் பிடிப்பதில் கைதேர்ந்தவர்கள். கொச்சியிலிருந்தும் இன்னும் வடக்கேயுள்ள துறைமுகங்களிலிருந்தும் கிளம்பி, வாரக்கணக்கில் கடலிலேயே கிடப்பவர்கள். அப்பா முகத்தையே எப்போதாவது பார்க்கிற பிள்ளைகளுக்கு, அவர் நிச்சயம் வீட்டில் இருப்பார் என்று நம்பக்கூடிய நாள் கிறிஸ்துமஸ்.

24-ம் தேதி இரவு பதினொரு மணிக்கெல்லாம் கோயில் நிரம்பி வழியும். புதுத்துணி மணக்க, தூங்கி விழும் குழந்தைகளைத் தோளில் போட்டபடி நிற்பார்கள். நள்ளிரவில் மணி முழங்க, பாலன் சுரூபம் தொழுவத்துக்குப் பவனியாக எடுத்து வரப்படும். பூசை முடிந்ததும் பாலனை முத்தி செய்ய நீளும் வரிசையில், ஊரின் மூத்த பாட்டியும் நிற்பார். நேற்றுதான் கரை சேர்ந்த இளைஞனும் நிற்பான்.

2004: கரையில் இருந்தவர்கள்

2004-ம் ஆண்டு கிறிஸ்துமஸ் சனிக்கிழமை வந்தது. மறுநாள் ஞாயிறு. இந்த ஊர்களில் ஞாயிறன்று கடலுக்குப் போகும் வழக்கமில்லை. ஆக, அடுத்தடுத்து இரண்டு நாள்கள் ஓய்வு. ஆண்கள், பெண்கள், பிள்ளைகள், பண்டிகைக்கு வந்த உறவுகள் என எல்லோரும் ஊரில் இருந்தார்கள்.

26-ம் தேதி இந்திய நேரப்படி காலை 6.29 மணியளவில் சுமத்ரா அருகே கடலுக்கடியில் நிலம் அதிர்ந்தது. 9-ஐத் தாண்டிய அளவுள்ள அந்த நிலநடுக்கம் எழுப்பிய அலைகள், சில மணி நேரத்தில் தமிழகக் கடற்கரையை அடைந்தன. நாகப்பட்டினம்தான் மிக அதிகமான உயிர்களை இழந்தது. கிறிஸ்துமஸுக்கு வேளாங்கண்ணி வந்திருந்த பயணிகளையும் கடற்கரையிலேயே அலை வாரிக்கொண்டது. குமரியில் குளச்சல், கொட்டில்பாடு, மணக்குடி ஆகிய ஊர்கள் நிலைகுலைந்தன. பழையாறு கடலில் சேரும் இடத்தில், கீழ மணக்குடியையும் மேல மணக்குடியையும் இணைத்த பாலமே பெயர்ந்துபோனது. வாசலில் தொங்கிய நட்சத்திரங்களை அவிழ்க்கவும் ஆள் இல்லாத வீடுகள் இருந்தன. தனித்தனியாகக் குழி வெட்ட நேரமில்லாமல், ஒரே இடத்தில் நூற்றுக்கணக்கானோரை அடக்கம் செய்தார்கள்.

ஆழ்கடலில் சுனாமி அலை பெரிதாகத் தெரியாது; படகுக்கு அடியில் அது கடந்து போய்விடும். ஆழம் குறையக் குறையத்தான் எழும்பும். கடலுக்குப் போயிருந்தால் தப்பித்திருக்கக்கூடியவர்கள், பண்டிகைக்காகக் கரையில் இருந்ததால் சிக்கிக்கொண்டார்கள்.

கத்தோலிக்க வழிபாட்டு நாள்காட்டியில் அந்த ஞாயிறு, 'திருக்குடும்பத் திருவிழா'. இயேசு, மரியாள், சூசையப்பர் என்ற குடும்பத்தைக் கொண்டாடும் நாள். அந்த ஆண்டு அன்றைக்கு உலகெங்கும் கத்தோலிக்கத் திருப்பலிகளில் வாசிக்கப்பட வேண்டிய நற்செய்திப் பகுதி, குழந்தையையும் தாயையும் கூட்டிக்கொண்டு சூசையப்பர் எகிப்துக்குத் தப்பியோடும் நிகழ்ச்சி. குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடுவதென்றால் என்னவென்று, அன்று காலையிலேயே கடற்கரையின் தகப்பன்மார்கள் அறிந்துகொண்டார்கள்.

2017: கடலில் இருந்தவர்கள்

பதின்மூன்று ஆண்டுகள் கழித்து, அடி வேறு திசையிலிருந்து விழுந்தது. 2017 நவம்பர் 29, 30 தேதிகளில் ஒக்கி புயல் குமரி முனையைச் சுற்றி உருவாகி வீசியபோது, ஆழ்கடல் மீனவர்களில் பலர் பல நாள்களுக்கு முன்பே கிளம்பிப் போயிருந்தார்கள். கரையில் அறிவித்த எச்சரிக்கை அவர்களை எட்ட வழியில்லை. இந்த முறை கரை தப்பியது. கடலில் இருந்தவர்கள் போனார்கள்.

அந்த ஆண்டு டிசம்பர் 3 ஞாயிற்றுக்கிழமை. சவேரியாரின் நினைவு நாள். திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறும் அதுவே. காத்திருப்பின் முதல் மெழுகுவர்த்தியை ஏற்ற வேண்டிய அந்த நாளில், கணவனும் மகனும் எங்கே என்று தெரியாமல் பெண்கள் கடலைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்கள்.

காணாமல் போனவர்கள் யார், எந்தப் படகு, உடன் போனவர்கள் எத்தனை பேர் என்ற பட்டியலைப் பங்குகள்தான் வீடு வீடாகக் கேட்டு எழுதின. அன்பியமும் பங்குப் பதிவேடும் எதற்கு என்று அதுவரை கேட்டவர்களுக்கு அப்போது பதில் கிடைத்தது. தேடுதலைத் தீவிரப்படுத்தக் கோரி டிசம்பர் 7 அன்று குழித்துறையில் ரயில் பாதையில் திரண்டவர்களோடு குருக்களும் இருந்தார்கள்.

அந்தக் கிறிஸ்துமஸ் இந்த ஊர்களில் ஆர்ப்பாட்டமில்லாமல் கடந்தது. பலரின் உடல் கடைசிவரை கிடைக்கவில்லை. காணாமல் போனவரை இறந்தவராகக் கருத, சட்டம் ஏழு ஆண்டுகள் காத்திருக்கச் சொல்கிறது. ஒக்கியில் காணாமல் போனவர்களின் குடும்பங்களுக்கு அவ்வளவு காலம் காக்கவைக்காமல் அரசு நிவாரணம் வழங்கியது. ஆனால், அடக்கம் செய்ய உடல் இல்லாத வீட்டில் துக்கம் எந்த நாளில் தொடங்குவது, எந்த நாளில் முடிப்பது? அதற்கு அரசாணை கிடையாது. அந்த வீடுகளுக்கு நினைவுப் பூசைதான் இறுதிச் சடங்கு.

மறுநாளும் திருநாள்தான்

கிறிஸ்துமஸுக்கு அடுத்த மூன்று நாள்களைத் திருச்சபை வைத்திருக்கும் விதம் கவனிக்கத்தக்கது. 26 அன்று முதல் மறைசாட்சியான புனித ஸ்தேவான். பழைய தமிழ்க் கத்தோலிக்க வழக்கில் முடியப்பர். 27 அன்று நற்செய்தியாளர் அருளப்பர், அதாவது யோவான். 28 அன்று, ஏரோது கொன்ற மாசில்லாக் குழந்தைகள். பிறப்பைக் கொண்டாடிய மறுநாளே பீடத்தில் மறைசாட்சியின் சிவப்பு உடை. தொழுவத்தின் விளக்கு அணைவதற்குள் இறந்தவர்களையும் நினை என்று நாள்காட்டியே சொல்லிவைத்திருக்கிறது. குமரிக் கடற்கரை அதை வாழ்ந்து தெரிந்துகொண்டது.

ஒவ்வோர் ஆண்டும் டிசம்பர் 26 அன்று குளச்சல், கொட்டில்பாடு, மணக்குடி கல்லறைகளுக்கு மக்கள் பூவும் மெழுகுவர்த்தியுமாக வருகிறார்கள். முந்தின நாள் உடுத்திய புதுத்துணிக்குப் பதிலாக எளிய உடை. குருவானவர் ஜெபம் சொல்ல, பெயர்களைத் தடவிப் பார்த்து அழுகிறவர்கள் உண்டு. சுனாமிக்குப் பின் பிறந்த பிள்ளைகள் இன்று கல்லூரிக்குப் போகிறார்கள். தாங்கள் பார்த்தேயிராத அக்காவுக்கும் அண்ணனுக்கும் அவர்கள் மெழுகுவர்த்தி ஏற்றுகிறார்கள்.

இதனால் கேரல் நின்றுவிட்டதா, நட்சத்திரம் குறைந்துவிட்டதா என்றால், இல்லை. கோட்டாறு, குழித்துறை மறைமாவட்டப் பங்குகளிலும், திருவனந்தபுரம் லத்தீன் உயர்மறைமாவட்டத்தைச் சேர்ந்த தூத்தூர் வட்டாரப் பங்குகளிலும் குடில்கள் ஆண்டுக்கு ஆண்டு பெரிதாகிக்கொண்டுதான் இருக்கின்றன. இழந்தவர்கள் வீட்டில் முதல் ஆண்டு நட்சத்திரம் ஏறாது. அடுத்த ஆண்டு, அன்பியத்தைச் சேர்ந்தவர்கள் யாராவது வந்து கட்டிக்கொடுத்துவிட்டுப் போவார்கள்.

ஜனவரி முதல் வாரத்தில் மூன்று ஞானிகளின் வருகையைக் கொண்டாடும் திருக்காட்சிப் பெருவிழா. அது முடிந்து, அடுத்து வரும் ஆண்டவரின் திருமுழுக்கு விழாவோடு கிறிஸ்துமஸ் காலம் நிறைவடையும். நட்சத்திரத்தை இறக்கி, தாளில் சுற்றிப் பரணில் வைப்பார்கள். குடில் பொம்மைகள் பெட்டிக்குள் போகும். டீசலும் ஐஸும் அரிசியும் ஏற்றிக்கொண்டு படகுகள் மறுபடி ஆழ்கடலுக்குக் கிளம்பும். வீட்டில் மிஞ்சிய முந்திரிக்கொத்தும் ஒரு டப்பாவில் கூடவே போகும்.